அறிக்கை அழகாக இருந்தால் கணக்கு சரியாகிவிடுமா?

தரவு ஆய்வு இன்று கல்லூரி மாணவர்களிடையே மவுசு கூடிய துறை. பவர் பிஐ, டேப்ளோ போன்ற அறிக்கை மென்பொருள்களைக் கற்றுக்கொண்டால் தொழிற்பயிற்சிக்கு எளிதில் இடம் கிடைக்கும் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், மேருவிலும் கிள்ளானிலும் நான் சந்திக்கும் மாணவர்களிடம், "அந்த அறிக்கைக்குள் தரவு எந்த வழியாக வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில். அதுதான் என் கவலை.

தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். அறிக்கை மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த அட்டவணைகளையும் எஸ்கியூஎல் மொழியையும் நம்பியே வளர்ந்தவை. 2009-இல் வெளிவந்த மோங்கோடிபி போன்ற தரவுத்தளங்கள் வேறு வகை. அவற்றில் ஒவ்வொரு பதிவும் ஓர் ஆவணம். ஓர் ஆவணத்தில் உள்ள விவரம் அடுத்ததில் இல்லாமலும் போகலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பதுதான் மூன்றாம் தரப்பு டிரைவர். ஆவணங்களை அட்டவணை போலக் காட்டி, அறிக்கை மென்பொருள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறது. இது எளிய வேலையன்று. மோங்கோடிபி நிறுவனமே 2015-இல் வெளியிட்ட தன் முதல் இணைப்பானுக்குள் போஸ்ட்கிரெஸ் என்ற அட்டவணைத் தரவுத்தளத்தைத்தான் வைத்திருந்தது.

மொழிபெயர்ப்பில் பொருள் மாறும் இடங்கள் இரண்டு. ஒரு கடையின் ஆர்டர் ஆவணத்தில் மொத்தத் தொகை 60 ரிங்கிட், பொருள்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் அதை மூன்று வரிசைகளாக விரித்தால், ஒவ்வொரு வரிசையிலும் 60 வந்து நிற்கும். கூட்டிப் பார்த்தால் 180 ரிங்கிட்! அடுத்து, பல டிரைவர்கள் எல்லா ஆவணங்களையும் பார்ப்பதில்லை. சிலவற்றை மட்டும் மாதிரியாகப் பார்த்தே என்னென்ன பத்திகள் உண்டு என்று ஊகிக்கின்றன. அந்த மாதிரியில் 'தள்ளுபடி' இல்லையென்றால், அறிக்கையிலும் அது இருக்காது. இரண்டு பிழைகளுக்கும் எச்சரிக்கை வராது. அறிக்கை அழகாகவே இருக்கும். அதை நம்பி முதலாளி சரக்கு வாங்குவார், ஆள் குறைப்பார்.

டிரைவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய நிறுவனத்திற்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது ஒன்றே வழியுமன்று. 2012-இல் நம் நாட்டில் மைடெக்சியாகத் தொடங்கிய கிரேப் நிறுவனம், தன் ஆர்டர்களை டைனமோடிபியில் ஏற்று, வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் பார்ப்பதற்காக அவற்றை மைஎஸ்கியூஎல் அட்டவணைகளுக்கு மாற்றும் முறையைத் தன் பொறியாளர்கள் வழியாக விளக்கியிருக்கிறது. எப்படி விரிக்க வேண்டும் என்பதை அங்கே மனிதர்கள் யோசித்து முடிவு செய்கிறார்கள்.

எனவே, மாணவர்களே, 'இணை' பொத்தானை அழுத்திய பிறகு மூன்று வேலைகளைச் செய்யுங்கள். மூலத் தரவுத்தளத்தில் எத்தனை ஆவணங்கள், அறிக்கையில் எத்தனை வரிசைகள் என்று ஒப்பிடுங்கள். ஓர் ஆவணத்தைத் திறந்து கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியல்களை எப்படி விரிக்கிறது, மாதிரியை எப்படி எடுக்கிறது என்று டிரைவரின் கையேட்டில் படியுங்கள்.

பழகிப் பார்க்கப் பணம் தேவையில்லை. மோங்கோடிபியின் சமூகப் பதிப்பும் பவர் பிஐ டெஸ்க்டாப்பும் இலவசம். அரசின் திறந்த தரவுத் தளம் ஜேசன் வடிவிலேயே தரவு தருகிறது. எஸ்கியூஎல் பழையது என்று ஒதுக்காமல் அதையும் சேர்த்துப் படியுங்கள். பொத்தானை அழுத்த யாராலும் முடியும். "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் தயங்காமல் விளக்கத் தெரிந்தவருக்கே வேலையிடத்தில் மதிப்பு.