ரெண்டு வருஷ சிங்கப்பூர், 104 வீக்கெண்ட்: ரூம்லயே படுத்திருந்தா அது சேமிப்பா?



"ப்ரோ, சிங்கப்பூர் ஆஃபர் வந்திருக்கு, மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. ரூம் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புற பணம் எல்லாத்தையும் கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க. சனி, ஞாயிறு என்ன பண்ணுவீங்கன்னு திருப்பிக் கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல ப்ரோ, ரூம்லயே இருப்பேன், செலவு மிச்சம்"னு பதில் வரும். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கல. வாழ்க்கைய அனுபவிங்கன்னு அட்வைஸ் பண்ண வரல. பணக் கணக்காவே பார்த்தாலும் இது தப்பான கணக்கு.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நான் பேசுறது எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ்ல ஆபீஸ் வேலைக்குப் போறவங்களப் பத்தி. ஏஜென்டுக்குக் கட்டின கடனோட, தொழிலாளர் விடுதியில தங்கி, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் லிட்டில் இந்தியா வந்து போற அண்ணன்மாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவங்களுக்குக் கடன அடைக்கிறதுதான் முதல் வேலை.

சரி, ரூம்ல இருக்கிற வீக்கெண்ட் உண்மையிலேயே ஓசியா? சனிக்கிழமை மத்தியானம் எழுந்திருப்போம். வெளிய போக சோம்பேறித்தனமா இருக்கும், ஆப்ல பிரியாணி ஆர்டர் பண்ணுவோம். டெலிவரி சார்ஜோட 15, 20 டாலர். சாயங்காலம் போரடிக்கும். ஏசி இருக்குன்னு பக்கத்து மாலுக்குப் போவோம், தேவையில்லாத ஒரு ஷூ வாங்குவோம். ராத்திரி நண்பர்களோட ரெண்டு பீர். சிங்கப்பூர்ல பீர் விலை என்னன்னு அங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி 100 டாலர் காணாமப் போயிருக்கும், எங்க போச்சுன்னே தெரியாது.

இதே ஆள்கிட்ட "வா, புலாவ் உபின் தீவுக்குப் போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டா, சாங்கி பாயின்ட்ல இருந்து படகுக்கு 4 டாலர், திரும்பி வர 4 டாலர்னு கேட்டவுடனே ரூபாயில பெருக்குவார். "இவ்வளவு ரூபாயா!"ன்னு வாய் பிளப்பார். பிரியாணிக்குப் பெருக்க மாட்டார், பீருக்குப் பெருக்க மாட்டார். ஊர் சுத்துறதுக்கு மட்டும்தான் இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு வெளிய வரும்!

உபின்ல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பத்து, பதினஞ்சு நிமிஷப் படகுப் பயணம். டைம்டேபிள் எல்லாம் கிடையாது, 12 பேர் சேர்ந்தா படகு கிளம்பும், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. பழைய கருங்கல் குவாரிகள் இப்ப தண்ணி நிரம்பி ஏரி மாதிரி கிடக்கு. வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு செக் ஜாவா அலையாத்திக் காடு வரைக்கும் போகலாம், அங்க நுழைவுக் கட்டணம் இல்ல. காட்டுப்பன்னி குறுக்க வந்தா ஓரமா நின்னுக்கங்க, கையில இருக்கிற பிளாஸ்டிக் பைய மட்டும் அதுக்குக் காட்டாதீங்க.

இன்னும் இருக்கு. 1859ல ஆரம்பிச்ச பொட்டானிக் கார்டன்ஸ் 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, உள்ள போக காசு இல்ல (ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்). கார்டன்ஸ் பை த பேல கண்ணாடிக் கூடாரங்கள் மாதிரி சில இடங்களுக்குத்தான் டிக்கெட். வெளிய அந்த ராட்சச மரங்களுக்குக் கீழ படுத்துக்கிட்டு 7.45, 8.45 மணி லைட் ஷோவ இலவசமா பார்க்கலாம். செந்தோசாவுக்கு ரயில்ல போனா 4 டாலர், விவோசிட்டி பக்கத்துல இருந்து நடந்து போனா ஒண்ணும் இல்ல. உள்ள பீச்சும் இலவசம். மெக்ரிச்சி காட்டுப்பாதை, சைனாடவுன்ல 1827ல உருவான மாரியம்மன் கோயில்... பஸ், எம்ஆர்டி காசு போக மத்தியானம் ஹாக்கர் சென்டர்ல ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் செலவு.

டூரிஸ்டா வர்றவங்களுக்கு இதுல பெரிய செலவு எது? ஃபிளைட்டும் ஹோட்டலும். வேலைக்குப் போற உங்களுக்கு டிக்கெட்ட பெரும்பாலும் கம்பெனி போட்டுடுச்சு, ரூம் வாடகை எப்படியும் கட்டறீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு வருஷம் அங்க இருந்தார், ஆபீஸ், ரூம், டெக்கா மார்க்கெட் தவிர எதுவும் பார்க்கல. ஊருக்கு வந்து கல்யாணம் ஆனதும், மனைவியோட சிங்கப்பூருக்கு அஞ்சு நாள் பேக்கேஜ் டூர் போனார். ஈஎம்ஐல!

இதுக்கு நேர் எதிர் கோஷ்டியும் உண்டு. போன முதல் ஆறு மாசத்துல யுனிவர்சல் ஸ்டுடியோஸ் (அது 80 டாலருக்கு மேல), பாத்தாம், பாலி, புக்கெட்னு எல்லாத்தையும் கிரெடிட் கார்டுல தேய்க்கிறவங்க. இவங்க மறக்கிறது ரெண்டு. ஒண்ணு, வெளிநாட்டவருக்கு அங்க சிபிஎஃப் கிடையாது. அதாவது நம்ம பிஎஃப் மாதிரி தானா சேர்ற பணம் எதுவும் இல்ல, நீங்களா எடுத்து வச்சாதான் உண்டு. ரெண்டாவது, சிங்கப்பூர் சம்பளத்துல நம்ம ஊர் டிடிஎஸ் மாதிரி மாசாமாசம் வரி பிடிக்க மாட்டாங்க. கைக்கு வர்றது முழுசும் நம்ம பணம்னு தோணும். மாசம் 5,600 டாலர் சம்பளம்னா வரிக் குடியிருப்பாளருக்கு வருஷத்துக்கு 2,400 டாலர் பக்கம் வரி வரும். வேலைய விட்டு ஊர் திரும்பும்போது, டாக்ஸ் கிளியரன்ஸ் முடியற வரைக்கும் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை கம்பெனி பிடிச்சு வச்சுக்கணும்ங்கறது சட்டம். கடைசி மாசச் சம்பளத்த நம்பி டூர் புக் பண்ணவங்க கதி என்னன்னு யோசிச்சுக்கங்க.

அதனால என் கணக்கு இதுதான். சம்பளம் வந்த அன்னிக்கே வரிக்கு 200 டாலர் தனி அக்கவுண்ட்ல. அப்புறம் வீட்டுக்கும் முதலீட்டுக்கும். அப்புறம் வீக்கெண்டுக்குன்னு 120 டாலர். 5,600ல இது ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 24 மாசத்துக்கு 2,880 டாலர். பெரிய தொகைதான், மறுக்கல. ஆனா அந்தப் பிரியாணி-பீர் வீக்கெண்ட் மாசம் நாலு வந்தா 400 டாலர் ஆச்சே, அதுக்கு யாரும் கணக்கு எழுதறதில்ல.

முடிஞ்சா இந்த 120ல மாசம் 40 டாலர் தொடாம வைங்க. அது அப்பா, அம்மாவுக்கு. ஒரு வருஷத்துல 480 டாலர் சேரும், அவங்க ஃபிளைட் செலவுல ஒரு நல்ல பகுதி அதுலயே வந்துடும். விசா கட்டணம் ஆளுக்கு 30 டாலர், ரிஜெக்ட் ஆனா திரும்பி வராது. ட்ராவல் இன்ஷூரன்ஸ் இல்லாம வயசானவங்கள கூட்டிட்டு வராதீங்க, சிங்கப்பூர்ல ஒரு நாள் ஆஸ்பத்திரி பில்லே மொத்தச் சேமிப்பையும் ஆட்டிடும். ஷேரிங் ரூம்ல இருந்தா ஹவுஸ் ஓனர்கிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டுடுங்க. அவர் முடியாதுன்னா ஹோட்டல் செலவு சேரும். அதனால அந்தப் பதில் கிடைச்ச பிறகு டிக்கெட் போடுங்க.