ஆய்வுக்கூடத்தில் நூலகருக்கு ஓர் இடம்

‘ஒரு நாடு ஒரு சந்தா’ என்னும் திட்டத்தின்படி, 2025 ஜனவரி முதல், மத்திய, மாநில அரசுகளின் உயர் கல்வி நிலையங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகள் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்றாண்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். பத்திரிகைகள் வந்துவிட்டன, அவற்றில் தேடவும் தேர்ந்தெடுக்கவும் பட்டப் படிப்பு மாணவருக்குக் கற்பிப்பவர் யார்?

பல கல்லூரிகளில் முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாணவரை நூல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அலமாரிகளையும் கணிப்பொறிகளையும் காட்டுவதோடு அப்பணி முடிந்துவிடுகிறது. தேட வேண்டிய பொருள் ஏதும் இல்லாத வேளையில் தேடும் முறையைக் கற்பித்தால் அது மனத்தில் தங்காது. தேவை எழும் இடம் ஆய்வுக்கூடமே; கற்பிக்க வேண்டிய இடமும் அதுவே.

அசெட்டனிலைடை எடுத்துக்கொள்வோம். இரசாயன மாணவர் அதை அனிலீனிலிருந்து தயாரித்து, உருகுநிலை 114 டிகிரி எனக் குறிப்பேட்டில் எழுதுகிறார், அத்துடன் சரி. இப்பொருள் 1886-இல் காய்ச்சல் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்து, பின்னர் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட காரணத்தை மூலக் கட்டுரைகளிலிருந்து கண்டறிந்து வருமாறு ஆசிரியர் பணிக்கட்டும். மாணவர் உடனே இடர்ப்படுவார். பழைய மருத்துவ ஏடுகளில் இதன் பெயர் ஆன்டிஃபெப்ரின். முறைப்பெயரோ என்-ஃபினைல் அசெட்டமைடு. ஒரு பெயரில் தேடுவோருக்கு மற்றதில் உள்ளவை அகப்படாமற் போகலாம். பெயர் எத்தனையாயினும் பதிவெண் 103-84-4 ஒன்றே என்று வழிகாட்டக்கூடியவர் நூலகர். நோயாளிகளின் உடல் நீலம் பாரித்தது ஏன், அம்மருந்து உடலில் பெரும்பாலும் பாரசிட்டமாலாக மாறுகிறது என்று 1948-இல் பிராடியும் ஆக்ஸல்ராடும் எவ்வாறு நிறுவினர், அச்சான்று எத்துணை வலியது என்பவற்றை எடைபோடக் கற்பிப்பவர் ஆசிரியர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய இயலாது.

வினவிய நொடியில் சரளமான விடை எழுதித் தரும் பொறிகள் இன்று மாணவர் கையில் உள்ளன. இல்லாத கட்டுரையையும் அவை சில வேளை மேற்கோளாகக் காட்டிவிடும்! ஆதலின் மூலத்தைத் தேடிச் சரிபார்க்கும் பழக்கம் முன்னைவிட இன்றியமையாததாகிவிட்டது.

பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பர். இரண்டு செய்முறை வகுப்புகள் போதும். நூலகர் கற்பிக்கும் பணியினர் அல்லர் என்றும் சிலர் கூறுவர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதன் அதற்கு முன் கணித ஆசிரியராக இருந்தவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர் பொருட்படுத்தார் என்பது மட்டும் மெய்யே. எனவே, செய்முறைக் குறிப்பேட்டுக்குரிய மதிப்பெண்ணில் ஒரு பங்கை இத்தேடலுக்கு ஒதுக்கி, ஆசிரியரும் நூலகரும் கூடி மதிப்பிட்டு, இருவருமே அதில் கையொப்பமிடலாம். அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்குவதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.