மணலியிலிருந்து மணாலிக்கு: சென்னை கார் பனியைத் தாங்குமா?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து மணலி கூப்பிடு தூரம். மணாலிக்கு சுமார் 2,700 கிலோமீட்டர். எழுத்தில் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். என் நண்பன் ஒருவன் டிசம்பர் லீவுக்கு அந்தத் துணைக்காலைத் தாண்டப் போகிறானாம், தன்னுடைய சின்ன ஹேட்ச்பேக்கில். "டெய்லி டிரைலர் நடுவுல ஓட்டுறேன். பனி என்னடா பெருசா பண்ணிடும்?" என்றான்.

நிறைய பண்ணும். எண்ணூர், திருவொற்றியூர் ரோட்டில் நமக்குக் கைகொடுப்பது பிரேக்கும் ஹாரனும். பனிக்கட்டி மேல் இரண்டுமே உதவாது. காய்ந்த ரோட்டில் நிற்க ஆகும் தூரத்தைப் போல 10 மடங்கு வரை ஆகலாம். அதனால்தான் சொல்கிறேன்: பனிக்கு காரைத் தயார் செய்வது என்றால் இன்னும் வேகமாக ஓட்டத் தயார் செய்வது இல்லை. நிறுத்துவதற்கும், மாட்டிக்கொண்டால் உயிரோடு காத்திருப்பதற்கும் தயார் செய்வது.

தண்ணிதானேன்னு ஊத்தாதீங்க

ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி சமாளிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். இங்கே ஓடிவிடும். மணாலியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9% விரியும். ரேடியேட்டர் மட்டுமில்லை, இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். கிளம்பும் முன் கூலன்ட்டை முழுசா மாத்துங்க. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரைகூட உறையாது. வைப்பர் டேங்கில் இருக்கும் வெறும் தண்ணீருக்கும் இதே கதிதான். உறையாத வாஷர் திரவம் ஊத்துங்க.

பேட்டரியை டெஸ்ட் பண்ணுங்க. சென்னை வெயிலில் ஏற்கெனவே களைத்துப்போன பேட்டரி, முதல் குளிர் காலையிலேயே கையை விரித்துவிடும். டீசல் கார் என்றால் மலை ஏறும் முன் அங்கே உள்ள பங்கிலேயே நிரப்புங்க. கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் தனியாகக் கொண்டுவந்ததே இதனால்தான்.

டயரில் பட்டன் இருக்கா?

சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். பனிக்கு 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் கிளம்பாதீங்க. வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ. காற்று குறையும். அதனால் காற்றை அங்கே போய், காலையில் வண்டியை எடுக்கும் முன் செக் பண்ணுங்க.

ஸ்னோ செயினை இன்ஜின் சுழற்றும் சக்கரத்தில் மாட்ட வேண்டும். பெரும்பாலான சின்ன கார்களில் அது முன்சக்கரம். வீட்டு வாசலில் இரண்டு தடவை மாட்டிப் பழகுங்க. கை விறைத்துப் போகும்போது யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

இரவில் ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்க. கண்ணாடி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

மாட்டிக்கிட்டா?

2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையே சுமார் 1,000 வாகனங்கள் பனியில் சிக்கின. எல்லாரும் மீட்கப்பட்டார்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் அப்படி நடக்கவில்லை. பனியில் நின்ற கார்களுக்குள் குறைந்தது 22 பேர் இறந்தார்கள். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் காரணம் என்று சொல்லப்பட்டது.

அது எப்படி நடக்கிறது? சைலன்சர் வாயைப் பனி மூடிவிடும். உள்ளே ஹீட்டருக்காக இன்ஜின் ஓடும். வெளியே போக வழியில்லாத புகை காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் சின்ன மண்வெட்டி, கம்பளி, டார்ச், சாப்பாடு, தண்ணீர் கட்டாயம். சைலன்சரைச் சுற்றிப் பனியை அள்ளிய பிறகே இன்ஜினை ஓட்டுங்க. அதுவும் கொஞ்ச நேரம்தான். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்க.

இவ்வளவு செய்தாலும், பனி கொட்டும் நாளில் மணாலிக்கு மேலே உங்கள் சின்ன காரை ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படிப்பட்ட நாட்களில் போலீஸே ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும்தான் விடுகிறது. காரைக் கீழே நிறுத்திவிட்டு லோக்கல் டாக்ஸியில் போங்க. அந்த டிரைவருக்குப் பனி ரோடு, நமக்குக் கன்டெய்னர் ரோடு மாதிரி. மழைத் தண்ணி தேங்கிய நாளில் அவரை மணலி ரோட்டில் ஓட்டச் சொன்னால் அவரும் நம்மகிட்டதான் சாவியைக் கொடுப்பார்.

நண்பனிடமும் இதையே சொன்னேன். முறைத்தான். ஆனால் கூலன்ட்டை மாற்ற வண்டியை விட்டிருக்கிறான்.