மூணு நாள் பத்தியம் மூணு மாசக் கணக்கை மறைக்காது

செங்கடல் ஓரத்து யான்புவில் ஷிப்ட் வேலை பார்க்கும் நம்மாட்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். சுகர் டெஸ்ட் தேதி தெரிந்ததும் மூன்று நாள் பத்தியம் ஆரம்பித்துவிடும். சோறு கட், டீயில் சீனி கட். நாலாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, "ஃபாஸ்டிங் 110தான், நல்லா இருக்கு" என்று ஊருக்கு போன் போடுவார்கள். ராத்திரி ரூமில் பிரியாணி.

அந்த 110 பொய் இல்லை. ஆனால் அது அன்றைய காலையின் கணக்கு மட்டும்தான்.

மொத்தக் கணக்கைச் சொல்வது ஹெச்பிஏ1சி. ரத்தத்தில் ஓடும் சர்க்கரையில் கொஞ்சம், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி இதில் தெரிந்துவிடும். வெறும் வயிறு தேவையில்லை. டியூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டே போகலாம். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் பலருக்கு 7க்குள் வைப்பதுதான் இலக்கு. 7 என்றால் சராசரி சுமார் 154. வயது, மற்ற நோய்களைப் பொறுத்து இலக்கு மாறும். அதை டாக்டர் சொல்லட்டும்.

இதற்கும் குறை உண்டு. ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எண் தவறலாம். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சராசரி என்பதால் திடீர் ஏற்ற இறக்கமும் இதில் தெரியாது. இன்சுலின் போடுபவர்கள் குளுக்கோமீட்டரை ஓரம் கட்டக் கூடாது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் – இன்டியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதப் பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ஏழு பேரில் ஒருவர். ஏழு பேர் தங்கும் ரூமில் அந்த ஒருவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

எண் கூடுதலாக வந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் வலிக்காமலே கெடும். அவை கெட்ட பிறகு எந்த வேலையும் நிலைக்காது. பத்தியம் இருந்து எண்ணைக் குறைத்துக் காட்டினால், மருந்தைக் கூட்ட வேண்டிய டாக்டரும் பேசாமல் விட்டுவிடுவார். நஷ்டம் நமக்குத்தான்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த டெஸ்ட் எடுங்கள். லீவில் ஊருக்குப் போகும்போது ரிப்போர்ட்டை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போனில் "அப்பா, சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "கடைசி ஏ1சி எவ்வளவு, எப்ப எடுத்தீங்க?" என்று கேளுங்கள். அதற்கு எண்ணைத்தான் சொல்லியாக வேண்டும்.