கேள்வியோடு வரும் பிள்ளையை உட்கார வையுங்கள்



கலைக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர் சிலரும், ஓய்வு பெற்ற ஆசிரியர் சிலரும், படித்து முடித்த பழைய மாணவர் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்தக் கட்சிக்காகவும் சாதிக்காகவும் எழுதவில்லை. நம் பிள்ளைகள் கல்லூரியில் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் கட்டுரைகளைப் பற்றி, புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம்.

இலக்கியம், வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல், தத்துவம் என்று எதைப் படித்தாலும் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. அவற்றில் பல இன்று எப்படித் தயாராகின்றன என்பது ஊருக்கே தெரியும். செல்போனில் கிடைத்த பக்கம் அப்படியே பிரின்ட் ஆகிறது. சீனியர் கொடுத்ததை ஜூனியர் பார்த்து எழுதுகிறார். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தக் காசும் தேவைப்படவில்லை. தலைப்பைத் தட்டினால் பிழையில்லாத ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் வந்து நிற்கிறது. ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்த பிள்ளையிடம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இதற்காகப் பிள்ளைகள் மேல் கோபப்பட எங்களுக்கு மனம் வரவில்லை. கரையாம்புத்தூரிலிருந்தும் குருவிநத்தத்திலிருந்தும் காலையில் பஸ் பிடித்து லாஸ்பேட்டைக் கல்லூரிக்குப் போய், இருட்டும்போது வீடு திரும்பி, சனி ஞாயிறில் கடை வேலைக்கும் போகிற பிள்ளைகள் இவர்கள். பலர் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவரிடம் திடீரென்று ஆங்கிலத்தில் நீதியைப் பற்றிப் பத்துப் பக்கம் கேட்டால் பயம்தான் வரும். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாதபோது கையில் இருக்கிற செல்போன்தான் ஆசிரியர்.

ஆனாலும் இதை இப்படியே விட்டுவிட முடியாது. வேதியியல் படிக்கிறவருக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுரைதான் ஆய்வுக்கூடம். 'நான் இப்படி நினைக்கிறேன், இன்ன காரணத்தால் நினைக்கிறேன்' என்று ஒருவர் முதல்முறையாகச் சொல்லிப் பழகுகிற இடம் அது. அதை வேறொருவரோ ஓர் இயந்திரமோ செய்துவிட்டால் மூன்று வருடமோ நான்கு வருடமோ படித்ததன் சாரம் கையை விட்டுப் போய்விடுகிறது. பிறகு நேர்முகத் தேர்விலும் கிராமக் கூட்டத்திலும் அதிகாரி முன்னாலும் நம் பிள்ளை வாயடைத்து நிற்கும்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வழியில்லை. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும்தான் பொருந்தும். அசைன்மென்ட், பருவக் கட்டுரை போன்றவற்றை அந்த விதிகளே வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கின்றன. ஆகவே பொறுப்பு கல்லூரிக்கும் வீட்டுக்கும் ஊருக்கும்தான்.

ஊருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

நம் வில்லியனூர் கொம்யூனின் கீழூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 அக்டோபர் 18ஆம் தேதி அங்கே சட்டமன்ற, கொம்யூன் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது 1962 ஆகஸ்ட் 16இல். இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிவிடலாம். அரசியல் அறிவியல் படிக்கும் மாணவி யோசிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இத்தனை லட்சம் பேர் எந்த நாட்டு மக்கள் என்பதை 178 பேர் முடிவு செய்தது சரியா? வீடு வீடாக ஓட்டு வாங்கியிருக்க வேண்டாமா? இணைப்பை முழுமனதோடு வரவேற்கிறவர் அது நடந்த முறையைக் கேள்வி கேட்கலாமா? மக்களின் இறையாண்மையைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கவே முடியாது என்று வாதாடியவர் ரூசோ. அவரைப் பாடமாகப் படிக்கிற பிள்ளை கீழூர் நினைவிடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதினால் அந்தக் கட்டுரை எப்படி இருக்கும்! பிரதிநிதிகளை அனுப்பிய அதே கொம்யூன்களுக்கு 1968க்குப் பிறகு 2006 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால் இன்னும் ஆழமாகப் போகலாம்.

1954இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தாவோ ஆயாவோ இருப்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், யாருக்கு மகிழ்ச்சி, யாருக்குக் கலக்கம், பிரெஞ்சுக் குடியுரிமையை யார் வைத்துக்கொண்டார்கள், ஏன் என்று அவர்களிடம் கேட்டு எழுத இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

பாகூர் ஏரிக்கு வாருங்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஏரி நிறையாத வருடத்தில் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும்? போர்வெல் போட வசதி உள்ளவர் உறிஞ்சும் நிலத்தடி நீர் யாருடையது? ஏற்றத்தாழ்வு இருந்துதான் ஆகும் என்றால் அது கடைசியில் நிற்பவருக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்று 1971இல் வெளிவந்த தன் நூலில் தத்துவவாதி ஜான் ராவல்ஸ் எழுதினார். அவர் சொன்னது கடைமடை விவசாயிக்குப் பொருந்துமா என்று மதகைத் திறந்து மூடியவரிடமும் கடைமடையில் பயிர் கருகப் பார்த்தவரிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டும். அறவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

அதே பாகூரில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. நமக்கெல்லாம் பெருமைதான். அந்த மூன்று ஊர்களிலும் உழுது நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்ததா என்று வரலாறு படிக்கும் பிள்ளை கேட்கட்டும். இலக்கியம் படிக்கிறவர்களுக்குக் கவிஞர் வாணிதாசன் இருக்கிறார். 1915இல் வில்லியனூரில் பிறந்தார், சேலியமேட்டில் வாழ்ந்தார். அவர் பாடிய வயலும் வானமும் இப்போது எப்படி இருக்கின்றன என்று நடந்து பார்த்து எழுதலாமே.

பெரியவர்களே, ஒரு பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால் உட்கார வையுங்கள். 'இதெல்லாம் உனக்கெதுக்கு' என்று அனுப்பிவிடாதீர்கள், அதுவும் பெண்பிள்ளை என்றால். ஊர் ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமும் ஏன் இருக்கிறது, தேர் ஏன் சில தெருக்களுக்கு மட்டும் போகிறது, சுடுகாட்டுக்கு ஏன் தனித்தனி வழி என்று சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், தெரிந்த உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கருத்துக்கு மாறாக அந்தப் பிள்ளை எழுதினால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோரிக்கையிலேயே கடினமானது இதுதான் என்று எங்களுக்குத் தெரியும்.

பெற்றோரே, கட்டுரையை விலைக்கு வாங்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் பெண்ணைப் பாத்திரம் கழுவவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ கூப்பிட வேண்டாம்.

ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துபவர்களே, பிரின்ட்டும் பைண்டிங்கும் உங்கள் தொழில், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். எழுதி முடித்த கட்டுரையை விற்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு வேலைச் சுமை எவ்வளவு என்று தெரிந்தும் கேட்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு அதே தலைப்பைக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் சொந்த ஊரைத் தொடுகிற கேள்வியாகக் கொடுங்கள். முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பார்க்க விடுங்கள். கட்டுரையை வாங்கும்போது அதைப் பற்றி இரண்டு கேள்வி நேரில் கேளுங்கள். மொழி தடுமாறினாலும் சொந்தமாக எழுதிய கட்டுரைக்கு, பளபளப்பான இரவல் கட்டுரையைவிடக் கூடுதல் மார்க் போடுங்கள்.

செல்போனைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லப் போவதில்லை. தானே எழுதிய பிறகு ஆங்கிலப் பிழை பார்க்க அது உதவும். ஆனால் கீழூர் முடிவு சரியா தவறா என்று ஒரு நிலைப்பாடு எடுத்து, வகுப்பில் எழுந்து நின்று அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது.

எங்களில் ஆசிரியராக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வில்லியனூரிலும் பாகூரிலும் பிள்ளைகளோடு உட்காரத் தயாராக இருக்கிறோம். யாருக்கும் எழுதித் தர மாட்டோம். எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்போம். இதற்கு ஊருக்கு ஓர் அறை வேண்டும். பள்ளி வகுப்பறை, நூலகம், சமுதாயக் கூடம் எதுவானாலும் சரி, எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இடம் கொடுக்க முடிந்தவர்களும், பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் உள்ள பெரியவர்களும் எங்களில் யாரைப் பார்த்தாலும் சொல்லுங்கள். அடுத்த அசைன்மென்ட் கொடுக்கும் தேதிக்கு முன்பே தொடங்கிவிட விரும்புகிறோம்.