தொலைநோக்கி மட்டும் போதுமா?

பூவார்ப் பொழிமுகத்தில் கடலோடு கலக்கும் நெய்யாறு அகத்தியமலையிற் பிறந்து வருவது என்பதை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். அம்மலையின் உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், 1855-ஆம் ஆண்டிலேயே ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது என்பதை நம் தோழர்களில் எத்தனை பேர் அறிவர்?

அதன் தாய்க்கூடம் திருவனந்தபுரத்துக் குன்றின்மேல் இருக்கிறது. 1837-இல் சுவாதித் திருநாள் மன்னர் நிறுவியது. ஆலப்புழையில் வணிக முகவராயிருந்துகொண்டே வானை ஆராய்ந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் நொடியைக் குறிக்கும் தொலைநோக்கியும், அதன் உயரத்தை அளக்கும் சுவர்வட்டக் கருவியும் அங்கு வைக்கப்பட்டன. 1843-இல் தோன்றிய பெரும் வால்மீனையும் கால்டிகாட் நோக்கினார். இன்று அக்கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

அங்குச் சென்றுவரும் நண்பர்கள் ஒரே புலம்பலோடு திரும்புகின்றனர். நகரத்து விளக்கொளியில் விண்மீன்கள் மங்கிவிட்டனவாம். இன்னும் பெரிய தொலைநோக்கி வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. விளக்கொளியைப் பெரிய தொலைநோக்கி விரட்டிவிடுமா என்ன!

அக்கூடத்துக்கு உலகறிந்த பெயரைத் தேடித் தந்தது தொங்கவிட்ட ஒரு காந்தமே அன்றோ? 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், காந்த நடுக்கோட்டுக்கு அருகிலிருக்கும் அவ்விடத்தின் அருமையை உணர்ந்தார். மணிக்கு மணி, இரவென்றும் பகலென்றும் பாராமல், காந்தத்தின் அசைவு குறிக்கப்பட்டது. கண்விழித்துக் குறித்தவர்களுள் இந்நாட்டு உதவியாளர்களும் இருந்தனர். உயரம் கூடினால் அசைவு மாறுமா என்று அறியவே அவர் அகத்தியமலை ஏறினார். பூமியின் காந்தத்தில் எழும் குலுக்கம் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவதைக் கண்டு, அதனை ஞாயிற்றின் சுழற்சியோடு பொருத்தினார். ஞாயிறு தன்னைத்தானே சுற்றும் செய்தியை, அடைத்த அறைக்குள் தொங்கிய காந்தம் சொல்லிற்று! இதற்கு இருண்ட வானம் வேண்டியதில்லை. சலியாத பொறுமை வேண்டும்.

அந்தக் காந்த நடுக்கோடு நின்ற இடத்தில் நிற்பதன்று, ஆண்டுதோறும் நகர்கிறது. ஆதலால் பழைய அளவுகள் குப்பையல்ல. இன்று எந்தக் கருவியைக் கொண்டும் 1855-ஐ மீண்டும் அளக்க இயலாது.

பெரிய தொலைநோக்கிக்குப் பணம் திரட்டுவோர் திரட்டட்டும். புரூனின் அளவுகள் 1874-இல் நூலாக அச்சேறின. அந்நூலின் எண்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கக் காசு வேண்டா. மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார நால்வர் போதும். நான் ஒருவன் இருக்கிறேன். இன்னும் மூவர் வேண்டும்.