கப்பலுக்கு வாசல் திறந்திருக்கு, எங்க களத்துக்கு?

 

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று தெருத்தெருவாக இந்தப் பிரசுரத்தைக் கொடுக்கும்போது, "வயக்காட்டுச் சண்டைக்கு ஹார்பர்ல என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருவள்ளூர் மாவட்டத்து மல்லாட்டையின் விலை எங்க களத்துல முடிவாகிறதில்லை. கப்பலில் வந்து டேங்கில் இறங்குகிற பாமாயிலும், அதன்மேல் டெல்லி போடுகிற சுங்க வரியும்தான் அதை முடிவு செய்கின்றன. அதனால்தான் இங்கே வந்தோம்.

1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நம் நாடு கிட்டத்தட்ட தன் காலிலேயே நின்றது. 1994-இல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள். அன்றைக்கு வரி 65 சதவீதம். 1998-இல் அது 15 ஆனது. இப்போது நாட்டுத் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய்!

கேட்டால், "உலக ஒப்பந்தம், கை கட்டியிருக்கு" என்பார்கள். உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட நமக்கு உரிமை உண்டு. 2009-இல் ஆசியான் நாடுகளோடு கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி பார்த்தாலும் கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம் போடலாம். ஆனால் நடந்தது என்ன? 2024 செப்டம்பரில் அடிப்படை வரியை 20 ஆக்கினார்கள். 2025 மே 30-ஆம் தேதி, நாங்கள் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அதையே 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், அறுவடைக்கு முன்னாலேயே பருத்திக்கு இருந்த 11 சதவீத வரியையும் தூக்கினார்கள். எந்த விவசாயியைக் கேட்டார்கள்?

"ஏழை ஜனங்களுக்கு எண்ணெய் மலிவா வேணாமா?" வேணும். ரேஷனில் 25 ரூபாய் பாமாயிலை நாங்களும்தான் வாங்குகிறோம். அந்த மானியத்தை நம்மூர்க் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொடுத்தால் என்ன என்பதுதான் எங்கள் கேள்வி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா, தன் ஜனங்களுக்குப் போதவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. அவன் நாட்டுக்கு ஒரு எல்லை இருக்கு. நமக்கு மட்டும் சுதந்திர வர்த்தகமா?

தோழர்களே, கப்பலே வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சரக்கு இறங்கினால்தான் உங்கள் வீட்டில் உலை கொதிக்கும், தெரியும். ஆனால் மல்லாட்டை விலை போகாமல் நிலத்தை விற்றவன் எங்கே வருவான்? இதே துறைமுக வாசலில் பாதிக் கூலிக்கு நிற்பான். அன்றைக்கு உங்கள் கூலியும் இறங்கும். முதலாளி லாபம் பார்க்கட்டும். விதைத்தவன் அடுத்த வருஷம் விதைக்க முடியாமல் போகும் இடத்தில் அந்த லாபத்துக்கு எல்லை போட்டாக வேண்டும்.

மத்திய, மாநில அரசுகளே!

* விதைப்பு, அறுவடைக் காலங்களில் எண்ணெய், பருத்தி இறக்குமதி வரியைக் குறைக்காதே!
* ரேஷன் கடையில் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் வழங்கு!
* வர்த்தக ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தில் விவாதித்த பிறகே கையெழுத்திடு!

கலப்பை பிடித்த கையும் மூட்டை தூக்கிய கையும் ஒன்று சேரட்டும். ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள்!